ஐந்து ஆலைகளுக்கும் எங்கள் பட்டறைகளுக்கும் நடுவே: காந்தத் தட்டுப்பாடு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகம், புது தில்லி, கர்நாடக அரசின் தொழில் வணிகத் துறை, பெங்களூரு.

அனுப்புநர்: பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் மோட்டார் கட்டுகிற, ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) வேலை பார்க்கிற, ரீவைண்டிங் (எரிந்த காயிலை மாற்றிச் சுற்றுவது) செய்கிற தமிழ்ப் பட்டறைக்காரர்கள்.

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இந்த மடலின் கன்னட, ஆங்கிலப் பிரதிகள் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகின்றன. தமிழிலும் வெளியிடக் காரணம், பெங்களூரு மோட்டார் பட்டறைகளின் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி, கோவையோடு பின்னிக் கிடப்பதுதான். அங்குள்ள தொழில்காரர்களுக்கும் இதே நெருக்கடி இருக்கிறது. நாங்கள் கேட்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

விஷயம் நியோடிமியம் காந்தம், அதாவது மின்வண்டி மோட்டாரின் ரோட்டரில் வைக்கிற வலுவான நிலைக்காந்தம். தலைப்பில் சொன்ன ஐந்து ஆலைகள், இதை இங்கேயே தயாரிக்க அரசின் திட்டத்தில் வரவிருப்பவை. 2025 ஏப்ரல் 4 அன்று சீன அரசு சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் என்ற ஏழு அருமண் (ரேர் எர்த்) தனிமங்களையும் அவை கலந்த உலோகங்களையும் காந்தங்களையும் ஏற்றுமதி உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. நியோடிமியம் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தும் மோட்டார்க்காரர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டோம். சூடேறும் மோட்டாருக்குள் வைக்கிற நியோடிமியம் காந்தத்தில் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சிறிதளவு கலந்திருக்கும். அது இல்லாத சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே பலத்தை விட ஆரம்பிக்கும். ஸ்கூட்டர் மோட்டாருக்கு 150 டிகிரி தாங்கும் எஸ்ஹெச் ரகமோ 180 தாங்கும் யூஹெச் ரகமோ வேண்டும். அக்டோபரில் அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளைச் சீனா நவம்பரில் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தபோது பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். நிறுத்திவைக்கப்பட்டவை அக்டோபர் விதிகள் மட்டும். எங்களைப் பாதித்த ஏப்ரல் உரிம முறை தொடர்ந்தது.

அந்த உரிம முறை சிறிய பட்டறையை எப்படி வெளியே தள்ளுகிறது என்பதை முதலில் சொல்கிறோம். வாங்குபவர் இறுதிப் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். காந்தம் எந்த மோட்டாருக்குள், எந்த வண்டிக்குள் போகிறது, ஆயுதத் தயாரிப்புக்குப் போகாது என்று அதில் எழுதித்தர வேண்டும். அதற்கு நம் அரசின் ஒப்புதலும் தில்லியிலுள்ள சீனத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். அதன் பிறகுதான் அங்கே விற்பவர் சீன வணிக அமைச்சகத்திடம் உரிமம் கேட்க முடியும். பெரிய வாகன நிறுவனத்துக்கு இதைக் கவனிக்கத் தனி ஆள் இருக்கிறார். பட்டறை அப்படி வாங்குவதில்லை. வியாபாரி ஒருவர் ஒன்றிரண்டு டன் இறக்கி, 20 கிலோ, 40 கிலோ என்று பலருக்குப் பிரித்துக் கொடுப்பார். சரக்கு வந்த பிறகே யார் வாங்குவார் என்பது அவருக்குத் தெரியும். உரிமமோ யாருக்குப் போகிறது என்று முன்கூட்டியே கேட்கிறது. இந்த இடத்தில்தான் சில்லறை வழி அடைபட்டது.

இன்னொரு வழி திறந்திருந்தது, அதுதான் அதிக வருத்தம். காந்தத்துக்கு உரிமம் தேவை, அதே காந்தம் வைத்துப் பூட்டிய முழு மோட்டாருக்குத் தேவையில்லை. அதனால் முழு மோட்டாரையே இறக்கிக்கொள்ளலாம் என்று வண்டி நிறுவனங்கள் கணக்குப் போடத் தொடங்கின. இந்த முடிவு ஒரு மாடலுக்கு வந்துவிட்டால் ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) ஸ்டாம்பிங், வைண்டிங், ஷாஃப்ட் கடைசல், பேலன்சிங், ஹவுசிங் காஸ்டிங் என்று இங்கே நாலைந்து பட்டறைகளில் நடந்த வேலை ஒரே நாளில் நின்றுவிடும். சில நூறு கிராம் காந்தம் கிடைக்காததால் பல கிலோ எடையுள்ள மோட்டாரின் உற்பத்தியே கைவிட்டுப் போகிறது. உள்நாட்டு உற்பத்தி வேண்டும் என்று நாங்கள் சொல்வதன் அவசரம் இதில் இருக்கிறது.

தட்டுப்பாடு வந்ததும் சந்தையில் நடப்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பெட்டியில் எஸ்ஹெச் என்று ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது 80 டிகிரி மட்டுமே தாங்கும் சாதாரண என்42 ஆக இருக்கும். கையில் வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டர் வைத்தாலும் தெரியாது. அறை வெப்பத்தில் என்42-க்கும் 42எஸ்ஹெச்சுக்கும் மேற்பரப்புப் புலம் ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் சூட்டில்தான் வெளிப்படும், அதுவும் ஸ்டேட்டர் காயிலின் எதிர்ப்புலம் தாக்கும்போது. வண்டி மேம்பாலம் ஏறும்போது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் முழு மின்னோட்டம் தள்ளும். ரோட்டர் 120 டிகிரியில் இருக்கும். அந்த நொடியில் போலி ரகக் காந்தத்தின் ஓரங்கள் செத்துவிடும். வண்டி ஆறினாலும் போன பலம் திரும்பாது. டார்க் (சுழற்றும் விசை) குறையும், அதை ஈடுகட்டக் கன்ட்ரோலர் இன்னும் மின்னோட்டம் ஏற்றும், சூடு இன்னும் கூடும். வாடிக்கையாளர் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்.

பட்டறையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இதைப் படிக்கும் தொழில்காரர்களுக்காகவும் எழுதிவைக்கிறோம். ஒரே லாட்டிலிருந்து (ஒன்றாக வந்த சரக்கிலிருந்து) ஐந்து துண்டு எடுங்கள். எடை பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் மொத்தப் பலத்தை அளக்கும் ஃப்ளக்ஸ் மீட்டரும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயிலும் இருந்தால் அதில் அளந்து எழுதுங்கள். காஸ் மீட்டர் மட்டும்தான் இருக்கிறதென்றால் அதன் அளக்கும் முனையான ஹால் ப்ரோப் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் உட்கார ஒரு பிளாஸ்டிக் தாங்கி செய்துகொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் தள்ளினாலே அளவு மாறிவிடும். பிறகு காந்தத்தை ரோட்டரில் உட்காரும் நிலையைப் போலவே இரும்புத் தகட்டின் மேல் வைத்து ஓவனில் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பில்லாமல் வெறும் துண்டாக வைக்காதீர்கள். மெல்லிய காந்தம் தனியாக இருக்கும்போது தன் புலமே தனக்கு எதிராக வேலை செய்யும், நல்ல எஸ்ஹெச் ரகமும் தோற்றதுபோல் காட்டும். முழுக்க ஆறவிட்டு மறுபடி அளங்கள். 5 சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். 15, 20 சதவீதம் போயிருந்தால் அது எஸ்ஹெச் அல்ல. இந்தச் சோதனை போலியை வடிகட்டும், அவ்வளவுதான். ரகத்தை உறுதியாகச் சொல்ல எதிர்ப்புலம் கூடக் கூடக் காந்தத்தின் பலம் எப்படி மாறுகிறது என்ற முழு வளைகோட்டை 150 டிகிரியிலேயே வரைந்து காட்டும் ஹிஸ்டிரிசிஸ் கருவி வேண்டும். அந்தக் கருவியை ஒரு சிறு பட்டறை தனியாக வாங்க முடியாது.

காந்தமே வேண்டாம், மாற்றுவழி பாருங்கள் என்று சொல்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஃபெரைட் காந்தம் நம் நாட்டிலேயே தயாராகிறது. மின்விசிறி மோட்டாருக்கு அது போதும், பெரும்பாலான பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறிகளில் இருப்பதும் அதுதான். ஆனால் ஃபெரைட்டின் மீதக் காந்தப்புலம் (காந்தமேற்றி முடித்தபின் உள்ளே தங்கும் புலம்) சுமார் 0.4 டெஸ்லா, நியோடிமியத்தினுடையது 1.1 முதல் 1.4 வரை. அதே டார்க் வேண்டுமானால் ரோட்டர் பெரிதாகும், செம்பும் இரும்பும் கூடும். சக்கரத்துக்குள் அடங்க வேண்டிய ஹப் மோட்டாரில் அதற்கு இடமில்லை. சங்கிலியோ பெல்ட்டோ வைத்து ஓடும் மிட் டிரைவ் மோட்டாரில், ஈ-ரிக்ஷாவில், பம்பில் இடம் இருக்கிறது. அங்கே ஃபெரைட்டைத் தைரியமாக முயலலாம். காந்தங்களை ஆரச்சக்கர வடிவில் நெடுக்காகப் புதைத்துப் புலத்தைக் குவிக்கும் ரோட்டர் இதற்கு ஏற்றது. ஒன்றை மறக்கக் கூடாது: நியோடிமியம் சூட்டில் சாகும், ஃபெரைட் குளிரில் சாகும். வெப்பம் குறையக் குறைய எதிர்ப்புலத்தைத் தாங்கும் திறன் ஃபெரைட்டில் இறங்கும். பெங்களூருவில் சோதித்துத் தேறிய மோட்டார், லடாக்கில் விடியற்காலை முழு மின்னோட்டத்தில் கிளம்பும்போது பலம் இழக்கலாம். அங்கே விற்கும் வண்டிக்குத் தொடக்க மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்க வேண்டும்.

ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரில் காந்தமே இல்லை, இரும்பு ரோட்டரைக் காயில்களே மாறி மாறி இழுத்துச் சுழற்றும். ஆனால் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே காற்றிடைவெளி 0.3 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். காந்த மோட்டாரில் இதைப்போல் இரண்டு மடங்கு இருந்தாலும் ஓடிவிடும். பேரிங் சீட்டில் சிறிய கோணல் இருந்தாலே இதில் இரைச்சல் தாங்காது. மூன்று ஃபேஸ் பாலம் கொண்ட வழக்கமான கன்ட்ரோலரும் இதற்கு ஒத்துவராது, வேறு சுற்று வேண்டும். இண்டக்ஷன் மோட்டார் எளிது, உறுதி, எங்கள் ஆட்களுக்குக் கைவந்தது. குறைந்த லோடில் திறன் இறங்கும், ரோட்டர் சூடேறும், அதே பேட்டரியில் வண்டி ஓடும் தூரம் குறையும். சரக்கு ஆட்டோவுக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடிய விலை என்பது எங்கள் கருத்து, ஸ்கூட்டருக்கு அல்ல. ஆக, மாற்றுவழிகளால் தேவையின் ஒரு பகுதி குறையும். மீதிக்கு நியோடிமியம் வந்தே ஆக வேண்டும்.

இனி அரசின் திட்டத்துக்கு வருகிறோம். 2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில் சின்டர் செய்த (பொடியை அழுத்திச் சூட்டில் இறுக்கிய) அருமண் காந்தத் திட்டத்தை ஏற்றது. ஆண்டுக்கு 6,000 டன் உற்பத்தித் திறன், ஐந்து நிறுவனங்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் 1,200 டன் வரை, ஆலை எழுப்ப இரண்டு ஆண்டு, அடுத்த ஐந்து ஆண்டு விற்பனையோடு சேர்ந்த ஊக்கத்தொகை. மனதார வரவேற்கிறோம். ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து உலோகக்கலவை, கலவையிலிருந்து காந்தம் என்று முழுச் சங்கிலியையும் இந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது சரியான முடிவு. எங்கள் கவலை சங்கிலியின் கடைசிக் கண்ணிகளைப் பற்றியது. அவை ஐந்து ஆலைகளின் மதில்களுக்குள்ளேயே முடிந்துவிட்டால் பட்டறைகளுக்கு வழி பிறக்காது.

ஆலையில் நடப்பது இது: உலோகக்கலவையை வெற்றிட உலையில் உருக்கி, நீர் ஓடும் செம்பு உருளையில் ஊற்றி மெல்லிய சீவல்களாக்குவார்கள். ஹைட்ரஜன் ஏற்றினால் சீவல் தானே நொறுங்கும். அதை நைட்ரஜன் சூழலில் ஜெட் மில்லில் 3 முதல் 5 மைக்ரான் பொடியாக்கி, காந்தப்புலத்துக்குள் அழுத்தி, 1,050 டிகிரிக்கு மேல் சின்டர் செய்வார்கள். வெளியே வருவது ஒரு கட்டி. அந்தக் கட்டியை மோட்டாருக்குள் வைக்க முடியாது. அதை அறுக்க வேண்டும், வளைவுக்குச் சாணை பிடிக்க வேண்டும், ஓரம் உருட்ட வேண்டும், பூச்சு ஏற்ற வேண்டும், கடைசியாகக் காந்தமேற்ற வேண்டும், சோதிக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் வேறு வேறு அளவு. ஆயிரம் டன் ஆலை ஒரே வாடிக்கையாளரின் ஒரே அளவை மாதக்கணக்கில் ஓட்டவே விரும்பும். 18 துருவ ரோட்டருக்கு முந்நூறு செட் கேட்டு வருகிற பட்டறைக்கு அங்கே யார் மெஷினை நிறுத்தி செட்டிங் மாற்றுவார்?

இந்த நடுவேலைகள் பெங்களூருவுக்குப் பழக்கமானவை. ஜிகணியில் கிரானைட் பாளத்தை டைமண்ட் வயரால் பல தகடுகளாக ஒரே நேரத்தில் அறுக்கிறார்கள். காந்தத்துக்குக் கம்பி இன்னும் மெல்லியது, அடிப்படை வேலை அதுவே. கம்பியின் தடிமன்தான் இங்கே காசு. 2 மி.மீ. துண்டு வெட்டும்போது அறுப்பில் 0.5 மி.மீ. போனால் சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு சேறாகிறது, 0.3 மி.மீ. போனால் 13 சதவீதம். அந்தச் சேற்றைக் குப்பையில் கொட்டக் கூடாது. உலர்ந்தால் தானே தீப்பிடிக்கும். ஈரமாகவே மூடிய டிரம்மில் வைத்து உலோகம் மீட்பவருக்கு அனுப்ப வேண்டும். அறுக்கும்போது கட்டி காந்தமேறாத நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துகள் ஒட்டிக்கொண்டு முகம் முழுக்கக் கீறும். குளிர்நீரில் துருத் தடுப்பான் இல்லாமல் ஓட்டினால் அன்றைக்கே மேற்பரப்பு கறுத்துவிடும்.

பூச்சில்தான் அதிகத் தவறு நடக்கிறது. வழக்கமான நிக்கல்-செம்பு-நிக்கல் பூச்சு மொத்தம் 10 முதல் 20 மைக்ரான். கூர்மையான ஓரத்தில் பூச்சு சீராக நிற்காது, அதனால் பூசும் முன்பே ஓரத்தை 0.2, 0.3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட வேண்டும். அமிலத்தில் கழுவும் வேலை சில நொடிகளில் முடிய வேண்டும். கூடுதலாக விட்டால் ஹைட்ரஜன் உள்ளே ஏறும், அன்று பளபளவென்று இருக்கும் பூச்சு சில மாதத்தில் கொப்புளித்து உரியும். ஊசித்துளை இருந்தால் மும்பை, சென்னை ஈரக்காற்றில் உள்ளே சாம்பல் நிறப் பொடி கட்டி, காந்தம் உப்பி, ரோட்டர் ஸ்டேட்டரில் உரசும். பீன்யாவில் முலாம் பட்டறைகள் நிறைய உண்டு. ஆனால் காந்த முலாம் எல்லோரும் செய்யும் வேலை அல்ல, கழிவுநீர் விதிகளும் கடுமை. ரோட்டருக்குள் புதைந்து உட்காரும் காந்தத்துக்கு நிக்கலே தேவையில்லை, எபாக்சி போதும். மூழ்கவைத்து மின்சாரத்தால் படியவைக்கும் எபாக்சிப் பூச்சுக்கு ஒரு பொது வரிசை இருந்தால் கழிவுச் சிக்கலில் பாதி குறையும்.

காந்தமேற்றுவது கடைசி வேலை. மின்தேக்கிகளில் சேர்த்த மின்சாரத்தை ஒரே வீச்சில் காயிலில் விட்டு, குறைந்தது 3 டெஸ்லா புலம் உண்டாக்க வேண்டும். அரைகுறையாக ஏறினால் அறை வெப்பத்தில் அளவு ஓரளவு சரியாகவே காட்டும், சூட்டில் சீக்கிரம் விழுந்துவிடும். போலி ரகத்துக்கும் அரைகுறை ஏற்றத்துக்கும் அறிகுறி ஒன்றே என்பதால் பழி யார் மேல் என்று சரக்குக்காரருக்கும் பட்டறைக்கும் ஓயாத சண்டை. ரோட்டரில் ஒட்டி முடித்த பிறகு காந்தமேற்றுவதே நல்லது. ஒட்டுவது எளிது, பசையை அடுப்பில் இறுக்கும்போது பலம் போகாது, விரல் நசுங்காது. அதற்கு ஒவ்வொரு துருவ எண்ணிக்கைக்கும் அளவுக்கும் தனி ஃபிக்ஸ்சர் (ரோட்டரைப் பொருத்திக் காந்தமேற்றும் காயில் அமைப்பு) வேண்டும். விலை அதிகம், மின்சாரம் அடிக்கும் அடியில் காயிலைப் பிடித்திருக்கும் பிசின் வெடித்து வீணாகவும் செய்யும். பத்துப் பட்டறைகள் பகிர்ந்துகொண்டால்தான் கட்டுப்படியாகும்.

இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நம் கடற்கரை மணலில் அருமண் தனிமங்கள் உள்ள மோனசைட் கனிமம் ஏராளம். மணவாளக்குறிச்சி, சவறா, சத்ரபூரில் ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் அதை எடுக்கிறது. அதில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் கிடைக்கும். டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை. அதாவது ஐந்து ஆலைகளும் முழு வேகத்தில் ஓடினாலும், ஏப்ரல் 4 பட்டியலில் உள்ள அந்த இரண்டு தனிமங்களுக்காக வெளிநாட்டிடம் கை நீட்டித்தான் ஆக வேண்டும். எனவே ஒரு மோட்டாருக்கு எத்தனை கிராம் டிஸ்ப்ரோசியம் செலவாகிறது என்பதே உண்மையான கேள்வி. அதைக் குறைக்கும் வழி தெரிந்த ஒன்றுதான். கலவை முழுக்க டிஸ்ப்ரோசியத்தைக் கரைக்காமல், வெட்டி முடித்த துண்டின் மேல் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ உள்ள சேர்மத்தைப் பூசி, வெற்றிட உலையில் 900 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்தால், அது படிகமணிகளின் எல்லை வழியாக உள்ளே இறங்கும். தேவைப்படும் இடத்தில் மட்டும் உட்காரும். பிறகு 500 டிகிரி அளவில் ஒரு பதப்படுத்தல். துண்டு 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் நடுவரை போய்ச் சேராது. இந்த வேலையை வெட்டிய பிறகுதான் செய்ய முடியும் என்பதைக் கவனியுங்கள். நாட்டின் டிஸ்ப்ரோசியம் தேவையைத் தீர்மானிக்கும் இடம் கட்டி வார்க்கும் உலை அல்ல, துண்டு வெட்டுகிற நடுக்கூடம். அந்த நடுக்கூடத்துக்குத் தனியாக ஒரு ரூபாயும் ஒதுக்கப்பட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறோம். பீன்யாவுக்குப் பக்கத்தில் தும்கூர் சாலையில் 1962 முதல் இயங்கும் சி.எம்.டி.ஐ. (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. ஜி.டி.டி.சி. (அரசுக் கருவி மற்றும் பயிற்சி மையம்) மாநில அரசின் கையில் இருக்கிறது. 200 டிகிரி வரை சூடாக்கி அளக்கும் ஹிஸ்டிரிசிஸ் கருவியைச் சி.எம்.டி.ஐ.யில் வைத்து, சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, இரண்டு வேலை நாளில் அறிக்கை தரச் சொல்லுங்கள். இது ஒன்றுக்கு ஆலைகள் எழும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று சந்தையில் உள்ள போலிச் சரக்கு நாளைக்கே குறையும். வயர் அறுப்பு, ஓரம் உருட்டல், எபாக்சிப் பூச்சு, டிஸ்ப்ரோசியத்தை மேலிருந்து உள்ளே இறக்கும் எல்லைவழிப் பரவல் உலை, காந்தமேற்றும் கருவி ஆகியவற்றைக் கொண்ட ஒரு பொது வசதி மையத்தைச் சிறுதொழில் கூட்டமைவு (கிளஸ்டர்) திட்டத்தில் சேர்க்கலாம். ஃபிக்ஸ்சர் வடிவமைக்க ஜி.டி.டி.சி. மாணவர்களே போதும்.

ஐந்து ஆலைகளோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள். ஊக்கத்தொகை பெறும் விற்பனையில் 5 சதவீதமாவது 50 கிலோவுக்குக் குறைந்த லாட்டுகளாக, காந்தமேற்றாத கட்டியாகவோ துண்டாகவோ, சூட்டு வளைகோட்டுச் சான்றோடு விற்கப்பட வேண்டும். 6,000 டன்னில் அது 300 டன். ஒரு பெருநிறுவனத்துக்கு இது ஒரு மூலை, ஆனால் நாட்டிலுள்ள சிறு மோட்டார்க்காரர்கள் பலருக்கு இதுவே பிழைப்பு.

ஆலைகள் வரும்வரை இறக்குமதிதான். உரிமத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க ஒரு பொதுத்துறை வாங்குபவர் வேண்டும். தேசியச் சிறுதொழில் கழகம் சிறு நிறுவனங்கள் மூலப்பொருள் வாங்குவதற்கு உதவும் வேலையை ஏற்கெனவே செய்கிறது. அக்கழகமோ கர்நாடகச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமோ, பட்டறைகளிடம் ரோட்டர் வரைபட எண், மோட்டாரின் பயன்பாடு, காலாண்டுத் தேவை ஆகியவற்றைத் தொகுத்து, ஒரே சான்றாகச் சமர்ப்பித்து இறக்கலாம். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கை அவர்களே வைத்துக்கொள்ளலாம். சான்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. அதே கிடங்கில் கார்பைடு இன்செர்ட்டும் (லேத்தில் பொருத்தும் டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனை) வைக்க முடிந்தால் நல்லது. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டனும் சீனாவின் உரிமப் பட்டியலுக்குள் போனதிலிருந்து லேத் பட்டறைகளின் கதையும் இதேதான்.

பழைய சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நகரத்தின் அலுவலகங்களும் தரவு மையங்களும் கழித்துப்போடும் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றிலும் 10, 15 கிராம் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. தகவல் பாதுகாப்புக்காக முழு டிஸ்க்கையும் அரைக்கிறார்கள். காந்தத் துகள் இரும்போடு ஒட்டி இரும்பு உலைக்குப் போய்க் கசடாகிறது. 2022-ன் மின்கழிவு விதிகளின் கீழ் மறுசுழற்சிச் சான்று தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றுக்கே கிடைக்கிறது. நியோடிமியத்தைப் பிரித்தெடுப்பவருக்கு அதில் எந்த ஆதாயமும் இல்லை. அந்தப் பட்டியலில் நியோடிமியத்தைச் சேர்க்கச் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் நீங்கள் பேச வேண்டும். தகவல் இருப்பது வட்டத்தட்டில், காந்தம் இருப்பது தனி இரும்புத் தாங்கியில். தாங்கியைக் கழற்றிவிட்டுத் தட்டை அரைத்தால் பாதுகாப்பும் கெடாது. தாங்கியைக் குறட்டில் பிடித்து வளைத்தால் காந்தம் தானே விட்டுக்கொடுக்கும். இது சூடு தாங்கும் ரகம் அல்ல, நேரே மோட்டாரில் வைக்கக் கூடாது. ஹைட்ரஜனில் நொறுக்கிப் புதுக் காந்தத்துக்குச் சேர்க்க அருமையான மூலப்பொருள்.

ஸ்கிராப்பாக வரும் ஹப் மோட்டார் இதைவிட மதிப்புள்ளது, அதில்தான் டிஸ்ப்ரோசியம் இருக்கிறது. நாயண்டஹள்ளி, கௌரிபாளையா பக்கம் செம்புக்காகவும் அலுமினியத்துக்காகவும் அவற்றை உடைக்கிறார்கள், காந்த வளையம் இரும்புக் குவியலுக்குப் போகிறது. பிரிக்க விரும்புகிறவருக்குச் சிரமம் பசையில். பசை இளகும் சூட்டில் காந்தமும் பலம் இழக்கும். படிக அமைப்பு கெடாமலும் துரு ஏறாமலும் இருந்தால் மறுபடி காந்தமேற்றி அதே துண்டைப் பயன்படுத்தலாம், அதற்கும் அந்தப் பொது வசதி மையமே வேண்டும். உருக்கத்தான் போகிறது என்றால் 350 டிகிரியில் வைத்துக் காந்தத்தை முழுக்கப் போக்கிவிட்டுப் பிரிப்பது பாதுகாப்பு. பசைப்புகையை இழுக்கும் குழாய் கட்டாயம். டிஸ்ப்ரோசியம் உள்ளதையும் இல்லாததையும் தரம் பிரிக்கக் கையடக்க எக்ஸ்-கதிர் கருவி போதும். ஒரு முனையில் நிக்கல் பூச்சைச் சாணை பிடித்து நீக்கிய பிறகே காட்ட வேண்டும், பூச்சின் மேலே காட்டினால் நிக்கலையும் செம்பையும்தான் படிக்கும்.

2025 செப்டம்பரில் ஏற்கப்பட்ட 1,500 கோடி ரூபாய் முக்கியக் கனிம மறுசுழற்சித் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கனிமத்தை உண்மையில் பிரித்தெடுக்கும் கட்டத்துக்குத்தான் ஊக்கம் என்று அதில் இருக்கிறது. காந்தத்தை முழுத் துண்டாக மீட்டு, அளவு மாற்றி, மறுபடி காந்தமேற்றி விற்பவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதைச் சுரங்க அமைச்சகத்திடமிருந்து எழுத்தில் பெற்றுத் தாருங்கள். அமிலத்தில் கரைத்து ஆக்சைடாக்கி மறுபடி உலோகமாக்குவதைவிட இது மலிவு, தண்ணீரும் மின்சாரமும் மிகக் குறைவு. மலிவான வழிக்கு ஊக்கம் இல்லை என்றாகிவிடக் கூடாது.

ஆலைகள் எழும்ப இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். அதே இரண்டு ஆண்டில் நடுக்கூடமும் எழும்பினால், முதல் கட்டி வெளியே வரும் நாளில் அதை வெட்டவும் பூசவும் சோதிக்கவும் தெரிந்த ஆட்கள் இங்கே தயாராக இருப்பார்கள். சி.எம்.டி.ஐ.யில் ஒரு கூட்டம் வையுங்கள். எந்தெந்தத் துருவ எண்ணிக்கை, என்ன நீள அகலத் தடிமன், எந்த ரகம், மாதம் எத்தனை செட் என்ற தேவைப் பட்டியலை எழுத்தில் கொண்டுவருகிறோம். அதிகம் ஓடும் அளவுகள் எவை என்பது அதிலேயே தெரிந்துவிடும், முதல் ஃபிக்ஸ்சர்களை அவற்றுக்கே செய்யலாம். சோதனைக்குத் தேவையான பழுதான ரோட்டர்களையும், கடையில் எஸ்ஹெச் என்று விற்ற சாம்பிள்களையும் லாட் எண்ணோடு தருகிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரு தொழிற்பேட்டைகளின் தமிழ் மோட்டார் பட்டறைக்காரர்கள்